வராக்கடனும் கோர்ட்டும்: இங்கிலாந்தில் நிலுவைப் பணத்தை மீட்பது எப்படி?

"கேஸ் போட்டால் காசு வந்துவிடுமா?"

இங்கிலாந்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. அதனால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வரும். கேட்கிறவரின் கையில் நாலைந்து இன்வாய்ஸ் இருக்கும். போனில், நீல டிக் விழுந்தும் பதில் வராத வாட்ஸ்அப் செய்திகள் வரிசையாக இருக்கும். முகத்தில் பணம் போன வருத்தத்தைவிட ஏமாந்துவிட்டோமே என்ற வருத்தம்தான் அதிகமாகத் தெரியும்.

நான் சொல்லும் பதில் எப்போதும் இதுதான்: தீர்ப்பு வாங்குவது நீங்கள் நினைப்பதைவிடச் சுலபம், அதைப் பணமாக மாற்றுவது நீங்கள் நினைப்பதைவிடக் கடினம். "இவர் உங்களுக்கு இவ்வளவு தர வேண்டும்" என்று நீதிமன்றம் எழுதிக் கொடுக்கும். ஆனால் அது தானாக யார் வீட்டுக் கதவையும் தட்டாது. வசூலித்துத் தாருங்கள் என்று நாம்தான் இன்னொரு மனுப் போட்டு, இன்னொரு கட்டணமும் கட்டிக் கேட்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே தெரிந்துகொண்டவர்கள் வீண்செலவு செய்வதில்லை.

இங்கே சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்தும். ஸ்காட்லாந்தில் சட்டமே வேறு. அங்கே 5,000 பவுண்டு வரையிலான வழக்குகளை ஷெரிஃப் கோர்ட்டில் 'சிம்பிள் புரொசீஜர்' என்ற முறையில் நடத்துவார்கள். வட அயர்லாந்துக்கும் தனி நீதிமன்றங்கள் உண்டு. அப்புறம் ஒரு சொல் விஷயம். தமிழில் கடன்காரர் என்றால் கொடுத்தவரையும் குறிக்கும், வாங்கியவரையும் குறிக்கும். குழப்பம் வேண்டாம் என்பதால் 'பணம் தர வேண்டியவர்' என்றே எழுதுகிறேன்.

முதலில் அவர் யார், அவரிடம் என்ன இருக்கிறது?

வழக்கைப் பற்றி யோசிக்கும் முன் ஒரு மாலை உட்கார்ந்து இந்த இரண்டையும் தேடிவிட வேண்டும். என் அனுபவத்தில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும். நம்மிடம் பேசியவர் பெயர் வேறு. முன்பு ஒருமுறை பணம் வந்த வங்கிக் கணக்கில் மூன்றாவதாக ஒரு கம்பெனியின் பெயர் இருக்கும். இவற்றில் பணம் தர வேண்டியது யார்? லிமிடெட் கம்பெனி சட்டப்படி தனி ஆள். அதன் டைரக்டரோடுதான் நாம் பேசினோம், அவரோடுதான் டீ குடித்தோம் என்றாலும் கடன் கம்பெனியுடையது. தனிப்பட்ட முறையில் பொறுப்பேற்பதாக அவர் உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தால் தவிர, அவரிடம் கேட்க முடியாது. அவர் கம்பெனி இல்லாமல் தனியாளாகத் தொழில் செய்தவர் என்றால், அவர் பெயரில்தான் வழக்குப் போட வேண்டும், கூடவே அவர் எந்தப் பெயரில் கடை நடத்துகிறார் என்றும் எழுத வேண்டும். தவறான பெயரில் வாங்கிய தீர்ப்பை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. கம்பெனியின் மெயில், கடிதம், ஆர்டர் படிவம் ஏதாவது இருந்தால் அதன் அடியில் பதிவுப் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். அங்கே பாருங்கள்.

அந்த எண்ணைக் கம்பெனிகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான கம்பனீஸ் ஹவுஸின் இணையதளத்தில் போட்டால் கம்பெனி உயிரோடு இருக்கிறதா, கணக்குகளை ஒழுங்காகத் தாக்கல் செய்கிறதா, அதன் சொத்தின்மேல் ஏற்கெனவே வங்கி அடமானம் வைத்திருக்கிறதா என்பதெல்லாம் இலவசமாகத் தெரிந்துவிடும். கம்பெனியைப் பதிவேட்டிலிருந்து நீக்கச் சொல்லி டைரக்டரே மனுப் போட்டிருந்தால், அதற்கான அறிவிப்பு கெசட்டில் வரும். வந்த நாளிலிருந்து ஆட்சேபிக்க நமக்கு 2 மாதம் இருக்கும். "எங்களுக்குப் பணம் பாக்கி" என்று ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவித்தால் நீக்கத்தை நிறுத்தி வைப்பார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் கம்பெனி மறைந்துவிடும், அதோடு வழக்குப் போட ஆளும் இருக்காது.

தனிநபர் என்றால், திவாலானவர்களின் பதிவேட்டை இலவசமாகப் பார்க்கலாம். அவருக்கு வீடு சொந்தமா என்று நிலப் பதிவேட்டில் சிறு கட்டணத்துக்குத் தெரிந்துகொள்ளலாம். நீதிமன்றத் தீர்ப்புகளின் பதிவேடும் தனியாக இருக்கிறது. ஒருவர் மேல் ஏற்கெனவே நாலு தீர்ப்பு பாக்கி நிற்கிறது என்றால் நம்முடையது ஐந்தாவதாகப் போய் வரிசையில் நிற்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள் என்று நான் சொன்னதும் உண்டு.

காலக்கெடுவையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 1980-ஆம் ஆண்டின் லிமிடேஷன் சட்டப்படி சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு 6 ஆண்டுகள். பணம் தர வேண்டிய நாள் தவறியதிலிருந்து இந்தக் கணக்கு ஓடும். இடையில் அவர் கொஞ்சம் பணம் கட்டினாலோ, கையெழுத்துப் போட்டுக் கடனை ஒப்புக்கொண்டாலோ 6 ஆண்டும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆனால் அது 6 ஆண்டு முடிவதற்குள் நடந்திருக்க வேண்டும்.

ஒரு கணக்கு

என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்ததை, ஆளை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவர் எலக்ட்ரீஷியன். ஒரு லிமிடெட் கம்பெனி நடத்தும் காபிக் கடைக்குப் புது வயரிங் செய்து கொடுத்தார். 2025 ஜூலை 1-ஆம் தேதி 4,200 பவுண்டுக்கு இன்வாய்ஸ், 30 நாள் தவணை. பணம் வரவில்லை. "அடுத்த வாரம்" என்றார்கள், "அக்கவுன்டன்ட் லீவில் இருக்கிறார்" என்றார்கள், அதன்பின் போனையே எடுக்கவில்லை.

அவர் 4,200 மட்டும் கிடைத்தால் போதும் என்றார். சட்டம் அதற்கு மேலும் தருகிறது. ஒரு தொழில் இன்னொரு தொழிலுக்குத் தர வேண்டிய பணம் தாமதமானால் வட்டி கேட்க 1998-ஆம் ஆண்டே ஒரு தனிச் சட்டம் வந்துவிட்டது. பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி விகிதத்துக்கு மேல் ஆண்டுக்கு 8 சதவீதம். ஜூன் 30-ஆம் தேதி இருக்கும் விகிதம் அடுத்த அரையாண்டுக்கு, டிசம்பர் 31-ஆம் தேதி இருக்கும் விகிதம் அதற்கடுத்த அரையாண்டுக்கு. 2025 ஜூன் 30-இல் அது 4.25 சதவீதம். ஆக 12.25 சதவீத வட்டி. 4,200 பவுண்டுக்கு ஆண்டு வட்டி 514.50 பவுண்டு, ஒரு நாளைக்கு 1.41 பவுண்டு. 90 நாள் தாமதத்துக்கு 126.86 பவுண்டு வந்தது. இதற்கு மேல் தொந்தரவுக்கான நிலையான இழப்பீடும் உண்டு. கடன் 1,000 பவுண்டுக்குக் குறைவாக இருந்தால் 40 பவுண்டு, 10,000-க்குக் குறைவாக இருந்தால் 70, அதற்கு மேல் 100. எங்கள் கணக்கில் 70. மொத்தம் 4,396.86 பவுண்டு.

நண்பருக்கோ உறவினருக்கோ கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அங்கே வழக்குப் போடும்போது ஆண்டுக்கு 8 சதவீதத் தனிவட்டி கேட்கலாம், தருவதா வேண்டாமா என்பது நீதிபதியின் விருப்பம். கைமாற்றில் வட்டியைவிடப் பெரிய சிக்கல் ஆதாரம். "அது கடன் இல்லை, அன்பாகக் கொடுத்தது" என்று எதிர்த்தரப்பு சொல்வது மிகச் சாதாரணம். நம் ஆட்களுக்குள் நம்பிக்கையின் பேரில் ரொக்கமாகக் கொடுத்து, எழுதி வாங்கக் கூச்சப்பட்டு, கடைசியில் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்காது. வங்கி வழியாக அனுப்புங்கள், குறிப்பில் 'கடன்' என்று போடுங்கள். வாங்கியவர் "அண்ணா, மார்ச்சில் தந்துவிடுகிறேன்" என்று அனுப்பிய ஒரு வாட்ஸ்அப் செய்திகூட நல்ல சாட்சி. தேதியோடு அதைப் படம் எடுத்து வையுங்கள். போன் மாற்றும்போது அவை அழிந்துபோகும்.

முதல் கடிதம்

கோர்ட்டுக்குப் போகும் முன் எழுத்தில் எச்சரிக்க வேண்டும். இதை 'லெட்டர் பிஃபோர் ஆக்‌ஷன்' என்பார்கள். எச்சரிக்காமல் நேரே வழக்குப் போட்டால் ஜெயித்தாலும் செலவு விஷயத்தில் நீதிபதி நமக்கு எதிராக முடிவெடுக்கலாம். பெரும்பாலான பணம் இந்தக் கடிதத்திலேயே வந்துவிடுகிறது என்பதும் ஒரு காரணம். போனில் கெஞ்சுவதும், தேதியும் தொகையும் போட்டுக் கடிதம் அனுப்புவதும் எதிராளியின் மனதில் வேறு வேறு இடத்தில் போய் உட்காரும்.

கடிதத்தில் கோபம் வேண்டாம். எலக்ட்ரீஷியன் முதலில் எழுதிக் கொண்டுவந்த கடிதத்தில் 'ஏமாற்று' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். என்ன வேலை, எப்போது முடிந்தது, இன்வாய்ஸ் எண், தேதி, தொகை, வட்டிக் கணக்கு, நாளொன்றுக்கு ஏறும் வட்டி, எந்தத் தேதிக்குள் கட்ட வேண்டும், எந்தக் கணக்கில் கட்ட வேண்டும், கட்டாவிட்டால் கவுன்ட்டி கோர்ட்டில் (பண வழக்குகளை விசாரிக்கும் சிவில் கோர்ட்) வழக்கு. இவ்வளவுதான் மிஞ்சியது, ஒரு பக்கத்துக்குள் அடங்கியது. இன்வாய்ஸ் நகலையும் இணைத்தோம்.

எவ்வளவு அவகாசம்? எதிராளி கம்பெனி என்றால் 14 நாள் போதும். ஆனால் ஒரு தொழில் ஒரு தனிநபரிடமோ தனியாளாகத் தொழில் செய்பவரிடமோ பணம் கேட்டால் 30 நாள் தர வேண்டும். 2017 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ள கடன் வழக்கு முன்நடைமுறையின் விதி இது. அதில் சொல்லப்பட்ட தகவல் தாள், பதில் படிவம், வரவு செலவுப் படிவம் மூன்றையும் கடிதத்தோடு வைத்து அனுப்ப வேண்டும். கடன் ஆலோசனை பெறப் போகிறேன் என்று அவர் பதில் போட்டால் மேலும் காத்திருக்க வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் அந்தப் பக்கம் இருக்கிறவருக்கு அது நியாயமான பாதுகாப்பு.

அனுப்பும் விதத்தில் ஒன்று. கையெழுத்து வாங்கித் தரும் தபாலை எதிராளி வாங்க மறுக்கலாம். சாதாரண ஃபர்ஸ்ட் கிளாஸ் தபாலில் போட்டு, போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் அனுப்பியதற்கான சான்றுச் சீட்டை இலவசமாகக் கேட்டு வாங்கி வையுங்கள்.

சொலிசிட்டர் தேவையா?

கடிதத்துக்கு மட்டும் சொலிசிட்டரை, அதாவது வக்கீலை, வைத்துக்கொள்வது பல நேரம் நல்ல செலவு. அவருடைய லெட்டர்ஹெட்டைப் பார்த்ததும் "இவர் விடப் போவதில்லை" என்று எதிராளிக்குத் தெரிந்துவிடும். கடன் வசூல் கடிதத்துக்கு நிலையான கட்டணம் வாங்கும் சொலிசிட்டர்கள் நிறைய இருக்கிறார்கள்.

அதற்கு மேல் போவதற்கு முன் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 10,000 பவுண்டு வரையிலான வழக்குகள் பொதுவாக 'ஸ்மால் கிளெய்ம்ஸ்' பிரிவில் விசாரிக்கப்படும். அந்தப் பிரிவில் ஜெயித்தாலும் சொலிசிட்டர் கட்டணம் திரும்பக் கிடைக்காது. கோர்ட் கட்டணமும், சொலிசிட்டர் வழியாக வழக்குப் போட்டிருந்தால் ஒரு சிறு நிலையான தொகையும் மட்டும் கிடைக்கும். 1,500 பவுண்டு கடனுக்கு சொலிசிட்டரை விசாரணை வரை கூட்டிக்கொண்டு போனால், ஜெயித்த அன்றே கையில் நஷ்டம். இந்தப் பிரிவே சாதாரண மக்கள் தாங்களே வந்து பேசுவதற்காக அமைக்கப்பட்டது. 10,000-க்கு மேல் போகும்போது நிலைமை மாறும். அங்கே தோற்றவர் ஜெயித்தவரின் செலவில் ஒரு பங்கைக் கட்ட வேண்டிவரும், அதனால் எதிராளி வலுவாக எதிர்த்தால் சொலிசிட்டர் இல்லாமல் நிற்காதீர்கள். வேலையில் குறை இருக்கிறது என்று எதிர்வழக்குப் போடும் எதிராளியிடமும் அப்படியே.

யாரைப் பிடித்தாலும் கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டம் வரை என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவர் பெயர் சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். கடன் வசூல் ஏஜென்சி என்பது வேறு. அவர்கள் கடிதம் போடுவார்கள், போன் செய்வார்கள், அதற்கு மேல் அவர்களுக்கு எந்த அதிகாரமும் கிடையாது.

வழக்கு

கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் அடுத்தது வழக்கு. பெரும்பாலும் இணையத்திலேயே போட்டுவிடலாம், கோர்ட் வாசலுக்குப் போக வேண்டியதில்லை. 'மனி கிளெய்ம் ஆன்லைன்' என்ற சேவையில் 1,00,000 பவுண்டுக்குக் குறைவான தொகைக்கு வழக்குப் போடலாம், எதிராளியின் முகவரி இங்கிலாந்திலோ வேல்ஸிலோ இருக்க வேண்டும். அங்கே வழக்கு விவரம் எழுதும் பெட்டியில் 1,080 எழுத்துகள்தான் இடம், இடைவெளியும் சேர்த்து. அது பத்தாவிட்டால் விரிவான விவரத்தைத் தனியாக அனுப்பலாம். காகிதத்தில்தான் போடுவேன் என்பவர்களுக்கு என்1 படிவம் இருக்கிறது.

கட்டணம் தொகைக்கு ஏற்ப ஏறும். இதை எழுதும்போது 300 பவுண்டு வரை 35 பவுண்டு, 3,000-க்கு மேல் 5,000 வரை 205, 5,000-க்கு மேல் 10,000 வரை 455, அதற்கு மேல் 2,00,000 வரை கேட்கும் தொகையில் 5 சதவீதம். எலக்ட்ரீஷியன் 205 கட்டினார். ஜெயித்தால் இது எதிராளியின் தலையில் ஏறும். வருமானம் குறைந்தவர்கள் கட்டணச் சலுகை கேட்கலாம்.

வழக்கு எதிராளிக்குப் போய்ச் சேர்ந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து பதில் தர அவருக்கு 14 நாள். "கிடைத்தது, எதிர்க்கப் போகிறேன்" என்று தெரிவித்தால் 28 நாள். அவர் முழுதாகக் கட்டலாம், ஒப்புக்கொண்டு தவணை கேட்கலாம், பாதியை ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அப்படி மௌனமாக இருந்துவிட்டால் விசாரணையே இல்லாமல் தீர்ப்பு கேட்கலாம். ஆனால் நாம் கேட்க வேண்டும். தீர்ப்பு தானாக வராது. கேட்காமல் 6 மாதம் விட்டுவிட்டால் வழக்கு அப்படியே நிறுத்தி வைக்கப்படும், மறுபடி நகர்த்தத் தனியாக மனுப் போட வேண்டும்.

இங்கே முகவரியில் மிகுந்த கவனம் வேண்டும். எதிராளி வீடு மாறிவிட்டார் என்று தெரிந்தும் பழைய முகவரிக்கு அனுப்பி, பதில் வராமல் தீர்ப்பு வாங்கினால் அது நிலைக்காது. ஒரு நாள் அவர் வந்து "எனக்குத் தகவலே வரவில்லை" என்று மனுப் போடுவார், தீர்ப்பு ரத்தாகும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

அவர் மறுத்தால் ஸ்மால் கிளெய்ம்ஸ் பிரிவில் முதலில் சமரசப் பேச்சு. 2024 மே 22 முதல் போடப்பட்ட சிறு தொகைப் பண வழக்குகளில் இது கட்டாயம். கட்டணம் இல்லை, போனில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இரு தரப்பும் நேருக்கு நேர் பேசத் தேவையில்லை. சமரசம் செய்கிறவர் இங்கே பேசி, அங்கே பேசி, மாறி மாறி எடுத்துச் சொல்வார். எவ்வளவு வரை இறங்கி வருவோம் என்று முன்பே முடிவு செய்து கொண்டு உட்காருங்கள். இன்றே 3,800 கிடைப்பது, ஒரு வருடம் கழித்து 4,400 கிடைக்கலாம் என்பதைவிடப் பல நேரம் மேல்.

அங்கும் முடியாவிட்டால் விசாரணை, அதற்குத் தனிக் கட்டணம். சினிமாவில் பார்க்கும் கோர்ட் போல இருக்காது. பெரும்பாலும் ஒரு சாதாரண அறை, நீண்ட மேசை, அந்தப் பக்கம் மாவட்ட நீதிபதி. அவரை 'ஜட்ஜ்' என்று அழைத்தால் போதும். ஆவணங்களை வழக்கமாக 14 நாள் முன்பே கோர்ட்டுக்கும் எதிராளிக்கும் அனுப்ப உத்தரவு வரும். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள். ஆங்கிலத்தில் பேசத் தயங்குகிறவர்களுக்கு நான் கட்டாயம் சொல்வது ஒன்று: ஸ்மால் கிளெய்ம்ஸ் விசாரணையில் நீங்கள் நேரில் வந்திருந்தால், உங்கள் மகனோ மகளோ நண்பரோ உங்களுக்காகப் பேசலாம், அவர் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. மொழிபெயர்ப்பாளர் தேவை என்றால் விசாரணைக்கு முன் வரும் கேள்விப் படிவத்திலேயே எழுதுங்கள்.

தீர்ப்பு வந்தபின்

இதைத்தான் சிசிஜே என்கிறார்கள், கவுன்ட்டி கோர்ட் ஜட்ஜ்மென்ட். ஒரு மாதத்துக்குள் முழுதாகக் கட்டிவிட்டால் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீங்கிவிடும். கட்டாவிட்டால் 6 ஆண்டு இருக்கும். வீட்டுக் கடன், கார் கடன், சில நேரம் வாடகை வீடு எல்லாமே அவருக்குச் சிரமமாகும். பெயரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் அந்த ஒரு மாதத்துக்குள் எப்படியாவது கட்டிவிடுவார்கள். கவலைப்படாதவர்களுக்குத்தான் மீதி எல்லாம்.

அவரிடம் என்ன இருக்கிறது என்று சரியாகத் தெரியாவிட்டால், முதலில் அதைக் கண்டுபிடிக்கக் கோர்ட்டையே கேட்கலாம். என்316 படிவத்தில் மனுப் போட்டால், அவரை அழைத்துச் சத்தியப் பிரமாணத்தின் கீழ் வேலை, சம்பளம், வங்கிக் கணக்கு, வீடு, வண்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்கள். கம்பெனி என்றால் டைரக்டரை அழைக்கலாம், அதற்கு வேறு படிவம். அழைத்தும் வராமல் இருந்தால் கடைசியில் சிறை வரைகூடப் போகலாம். கடனுக்காக ஆளைச் சிறையில் போடும் வழக்கம் 1869-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இங்கே பெரும்பாலும் ஒழிந்துவிட்டது. இது உத்தரவை மீறியதற்கான தண்டனை.

கடையோ சரக்கோ வண்டியோ உள்ளவரிடம் அமலாக்க அதிகாரிகளை அனுப்பலாம். மக்கள் பெய்லிஃப் என்று சொல்வது இவர்களைத்தான். 5,000 பவுண்டு வரை கவுன்ட்டி கோர்ட் பெய்லிஃப் மூலம் வசூலிக்கலாம். 600 பவுண்டு முதல் தீர்ப்பை ஹைகோர்ட்டுக்கு மாற்றி, ஹைகோர்ட் அமலாக்க அதிகாரியிடம் கொடுக்கலாம். 5,000-க்கு மேல் போனால் அவர்களிடம்தான் போக வேண்டும். நுகர்வோர் கடன் சட்டத்தின் கீழ் வரும் கடன்களை இப்படி மாற்ற முடியாது. ஹைகோர்ட் ஆட்களுக்கு வசூலில் இருந்து வருமானம் வருவதால் வேகம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதனால் 600 தாண்டிய தொழில் கடன்களுக்கு நான் அந்த வழியைத்தான் சொல்வேன்.

அவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 7 முழு நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். காலை 6 முதல் இரவு 9 வரைதான் வீட்டுக்கு வரலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் முதல் முறை கதவை உடைத்து நுழைய முடியாது. தொழிலுக்குத் தேவையான கருவிகளில் 1,350 பவுண்டு மதிப்பு வரை எடுக்கக் கூடாது. தவணையில் வாங்கிய வேன் வாசலில் நின்றால் அதையும் தொட முடியாது, ஏனென்றால் அது இன்னும் அவருடையதல்ல.

சம்பளக்காரர் என்றால் சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துத் தர முதலாளிக்கே கோர்ட் உத்தரவிடும். சொந்தத் தொழில் செய்கிறவரிடம் இது செல்லாது. வங்கிக் கணக்கில் பணம் இருக்கிறது என்று தெரிந்தால் அதை முடக்கலாம். முதல் உத்தரவு அவருக்குச் சொல்லாமலே வரும், வங்கிக்கு உத்தரவு கிடைக்கும் அந்த நேரத்தில் கணக்கில் எவ்வளவு இருக்கிறதோ அது மட்டும் மாட்டும். எனவே சம்பள நாளையோ, கடைக்குப் பணம் வரும் நாளையோ கணக்குப் போட்டு மனுப் போடுவார்கள். கணவன் மனைவி கூட்டுக் கணக்கை ஒருவர் கடனுக்காக இப்படி முடக்க முடியாது. எப்போதாவது காசோலை தந்திருந்தால் அதன் படத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வங்கிக் கிளையைக் காட்டும் சார்ட் கோடும் கணக்கு எண்ணும் அதில்தான் இருக்கும்.

சொந்த வீடு உள்ளவர் என்றால் வீட்டின்மேல் நம் கடனைப் பதிவு செய்யலாம். வீட்டை விற்கும்போதோ மறு அடமானம் வைக்கும்போதோ பணம் வரும், வங்கிக்குப் போனது போக மீதியில். வருடக்கணக்கில் காத்திருக்கத் தயாராக இருக்கிறவர்களுக்கு மிகப் பத்திரமான வழி இது. விற்கச் சொல்லித் தனியாகவும் கேட்கலாம், நீதிபதி லேசில் சம்மதிக்க மாட்டார், குழந்தைகள் குடியிருக்கும் வீடு என்றால் இன்னும் யோசிப்பார்.

இன்னொரு வழியை நண்பர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்: "ஸ்டாச்சுட்டரி டிமாண்ட் அனுப்பு, பயந்து கொடுத்துவிடுவான்." கடனைக் கட்டச் சொல்லிச் சட்டமுறைப்படி அனுப்பும் அறிவிப்பு அது. அது கிடைத்து 21 நாளுக்குள் கட்டாவிட்டால், 5,000 பவுண்டோ அதற்கு மேலோ தர வேண்டிய தனிநபரைத் திவாலாக்கவும், 750 பவுண்டுக்கு மேல் தர வேண்டிய கம்பெனியைக் கலைக்கவும் மனுப் போடலாம் என்பது உண்மை. ஆனால் அந்த மனுவுக்கே பெரிய தொகை கட்ட வேண்டும், அப்படியே திவாலானாலும் வரும் பணம் எல்லாக் கடன் கொடுத்தவர்களுக்கும் பங்கு போகும். கடனை அவர் நியாயமான காரணத்தோடு மறுத்திருந்தால், நாம் மிரட்டலாக இதைப் பயன்படுத்தியதாகக் கோர்ட் எடுத்துக்கொண்டு அவருடைய செலவையும் நம் தலையில் கட்டும். சொலிசிட்டரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

இதைப் படிக்கிறவர்களில் பணம் தர வேண்டிய பக்கத்தில் நிற்பவர்களும் இருக்கலாம். கோர்ட் உறையைப் பிரிக்காமல் அலமாரியில் வைப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். பதில் போட்டால் தவணை கிடைக்கும், மறுக்கக் காரணம் இருந்தால் சொல்ல இடம் கிடைக்கும். தாங்க முடியாத கடன் என்றால், 2021 மே மாதம் வந்த 'பிரீதிங் ஸ்பேஸ்' திட்டத்தில் 60 நாள் வட்டியும் வசூல் நடவடிக்கையும் பெரும்பாலான கடன்களுக்கு நிறுத்தப்படும். கடன் ஆலோசகர் மூலம்தான் விண்ணப்பிக்க முடியும்.

சரி, எலக்ட்ரீஷியனுக்கு என்ன ஆனது? காபிக் கடை பதிலே போடவில்லை. தீர்ப்பு கேட்டு வாங்கினோம். ஒரு மாதம் பார்த்தோம், அசையவில்லை. ஹைகோர்ட் அமலாக்க அதிகாரியின் முன்னறிவிப்பு போன பிறகும் அமைதிதான். அவர் நேரில் போய் எஸ்பிரெசோ மெஷினைப் பட்டியலில் எழுத ஆரம்பித்தபோது டைரக்டர் போன் எடுத்தார். மூன்று தவணையில் பணம் வந்தது. கடைசித் தவணை வந்த அன்று, முழுதும் கிடைத்துவிட்டது என்று கோர்ட்டுக்கு எழுத எலக்ட்ரீஷியனே என்னைக் கூப்பிட்டு நினைவுபடுத்தினார்.